என் பெயரில் வந்த கட்டுரை

பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. இளங்கலை மாணவர்களுக்கான அறிவியல் எழுத்துப் போட்டி. சென்னையில் இருக்கும் ஓர் அறிவியல் மன்றம் நடத்துகிறது. ‘என்னைச் சுற்றியுள்ள அறிவியல்’ என்பது தலைப்பு. தமிழிலும் எழுதலாம். துறைத்தலைவரின் கையெழுத்தோடு கல்லூரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அறிவிப்புக்குக் கீழே இரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அடுத்த செய்தி பஸ் பாஸ் பற்றியது. அதோடு எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

நான் மறக்கவில்லை. ‘தமிழிலும் எழுதலாம்’ என்பதுதான் காரணம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவள் நான். கல்லூரியில் எல்லாப் பாடமும் ஆங்கிலம். கரைசலில் என்ன நடக்கிறது என்பது எனக்கு நன்றாகவே புரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தால்தான் திக்கும். ரெக்கார்டு நோட்டில் பக்கத்து மேசைப் பெண்ணின் வாக்கியங்களைத்தான் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சோதனை சரியாக வராது, எனக்கு வரும். அவளுக்கு என் அளவீடுகள், எனக்கு அவள் ஆங்கிலம். இப்படி ஓர் ஒப்பந்தம்.

“பிளாக் ஹோல் பத்தி எழுதுடி, யூடியூப்ல நெறைய கீது, பாத்து அப்டியே எழுதிடலாம்” என்றாள் அவள். எனக்கு எங்கள் வீட்டு மாடிதான் நினைவுக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் மதில் சுவரை ஒட்டியிருக்கும் காலனியில் எங்கள் வீடு. என் அப்பா பிள்ளையாக இருந்தபோது எங்கள் சனம் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த நிலத்தில் இப்போது கம்பெனிகள். எங்கள் தெரு ஆண்கள் அங்கே கான்ட்ராக்ட் ஆட்கள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு ரோலிங் மில்லில் இருந்தார். பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே புகுந்து கம்பியாக வெளியே வரும். அதை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் வேலை. அம்மா வேறொரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை, அம்மா மாடியைப் பெருக்குவாள். ஒவ்வொரு முறையும் கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு தூசி வரும். அவள் காயப்போட்ட வெள்ளைத் துணி எதுவும் வெள்ளையாகக் கீழே இறங்கியதில்லை.

அந்தத் தூசி என்ன என்பதை எழுதுவதென்று முடிவு செய்தேன்.

எங்கள் சபையில் உடைந்துபோன ஒரு ஸ்பீக்கர் பெட்டி கிடந்தது. போதகரிடம் கேட்டு அதிலிருந்த காந்தத்தைக் கழற்றிக்கொண்டேன். பாத்ரூம் கட்டியபோது மிஞ்சிய வெள்ளை டைல்ஸில் இரண்டை எடுத்தேன். ஒன்றை எங்கள் மாடியில் வைத்தேன். இன்னொன்றைத் திருவாலங்காட்டில் இருக்கும் சின்னம்மா வீட்டு மாடியில் வைக்க வேண்டும். அங்கே சுற்றிலும் வயல், கம்பெனி எதுவும் கிடையாது. இரண்டு இடத்துத் தூசியையும் ஒப்பிட வேண்டும் அல்லவா? அம்மாதான் போனில் பேசினாள்.

“டைல்ஸ வச்சு தூசி சேக்கணுமா?” என்றாள் சின்னம்மா. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. “எங்க ஊட்ல தூசியே இல்லன்னு நெனச்சினுகீறியா? வந்து பாரு, வண்டி வண்டியா அள்ளலாம்.”

“உன் தூசி வேற, என் தூசி வேறயாம். உன் அக்கா பொண்ணு சொல்லுது” என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா என் படிப்பில் கைகொடுத்த முதல் தடவை அது. டைலை எந்த மூலையில் வைத்தால் காக்கை வராது, எத்தனை மணிக்குக் காற்று மதில் பக்கமிருந்து அடிக்கும் என்றெல்லாம் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. டைலை ஏழு நாள் வைத்திருந்தேன், அத்தனை நாளும் அது இருந்த பக்கம் மட்டும் அவள் பெருக்கவில்லை. மழை வரும்போல இருந்த ஒரு மதியம் கேன்டீனிலிருந்து போன் செய்து, “டைலு நனையப்போவுதுடி, ஓடு” என்றாள்.

ஏழு நாள் கழித்துத் தூசியை ஒரு சின்னத் தூரிகையால் பட்டர் பேப்பரில் தட்டினேன். காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதன்மேல் நகர்த்தினேன். எங்கள் மாடித் தூசியில் பெரும்பகுதி குபீரென்று எழுந்து முள் முள்ளாக ஒட்டிக்கொண்டது. திருவாலங்காட்டுத் தூசி அசையவே இல்லை. பழுப்பாக அப்படியே கிடந்தது. நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது நைனா ஷிஃப்ட் முடிந்து வந்தார்.

“இன்னா பண்ணினுகீற?”

“காலேஜ் வேல நைனா.”

குனிந்து அந்தக் கறுப்புத் தூளைக் கொஞ்சம் விரலில் தொட்டார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

மிச்ச வேலையைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்தேன். எடை போட்டேன். அமிலத்தில் கரைத்து தயோசயனேட் சேர்த்தேன். இரும்பு இருந்தால் சிவக்கும். எங்கள் மாடித் தூசி இருந்த குழாய் ரத்தம்போல் சிவந்தது. திருவாலங்காட்டுக் குழாயும் லேசாகச் சிவந்தது. மண் எல்லாவற்றிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும், அதனால்தான். அதையும் மறைக்காமல் எழுதினேன். ‘இரும்பு எல்லா மண்ணிலும் இயற்கையாகவே உண்டு, ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, காந்தத்தில் ஒட்டும் அளவையும் பார்க்க வேண்டும்’ என்று. அப்படி எழுதியபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. எனக்குச் சாதகமில்லாததையும் சொல்கிறேன், நான் விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் மதிய இடைவேளைகளில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். ‘எங்கள் வீட்டு மாடியை என் அம்மா ஒரு நாளைக்கு இரண்டு முறை பெருக்குகிறாள்’ என்று தொடங்கியது. எந்தக் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: புகைபோக்கிகளில் வடிகட்டி இருக்கிறது என்கிறார்கள், அப்படியானால் என் காந்தத்தில் ஒட்டியிருப்பது எங்கிருந்து வந்தது?

முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். முடித்ததும், “என் பேர போட்டுக்கீறியா?” என்றாள்.

“பேர் போடல. அம்மானு போட்ருக்கேன்.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். முகம் பூராவும் சிரிப்பு.

எங்கள் துறைத்தலைவர் மேடம் கட்டுரையை என் எதிரிலேயே படித்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தவர், எங்கும் கோடு போடவில்லை. “நல்லா எழுதியிருக்கமா, ரொம்ப நல்லா” என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பிறகு, “கையெழுத்துல இருந்தா எடுத்துக்க மாட்டாங்க. நானே டைப் பண்ணக் குடுத்து அனுப்பிடறேன். நீ அலைய வேண்டாம்” என்றார். “அப்பா எங்க வேலை பாக்கறார்?” என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். விண்ணப்பத்தில் பெற்றோர் எண் கேட்டிருப்பதாகச் சொல்லி நைனாவின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். நான் வராந்தாவில் துள்ளாத குறையாக நடந்து வந்தேன்.

முடிவு வர இரண்டு மாதமானது. எனக்கு இரண்டாம் பரிசு. கல்லூரி வாசலில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பிரின்சிபால் கூப்பிட்டுக் கைகொடுத்தார். ரெக்கார்டு நோட்டுத் தோழி அந்த ஃபிளெக்ஸுக்கு முன்னால் என்னை நிறுத்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். எங்கள் தெருவில் நைனாவை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். அவர், “ஆமா, சயின்சுல” என்று மட்டும் சொல்வார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

பரிசளிப்பு விழா சென்னையில் ஒரு சனிக்கிழமை. நைனா லீவு போட்டார், அம்மாவும் போட்டாள். அம்மா ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டாள். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் வரைக்கும் மூன்று பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து போனோம். ஏ.சி. அரங்கம். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி, பெயர் ஒட்டியிருந்தது. அம்மாவும் நைனாவும் நடுவில் எங்கோ உட்கார்ந்தார்கள்.

நடுவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், பரிசு பெற்ற கட்டுரைகளைப் பற்றிப் பேசினார். முதல் பரிசு பெற்ற கட்டுரை தேனீக்களைப் பற்றியது. அடுத்து என் பெயரைச் சொன்னார். “இந்த மாணவி தொழிற்சாலைப் பகுதியில் வாழ்கிறார். புகை, தூசி என்று குற்றப்பட்டியல் வாசித்திருக்கலாம். செய்யவில்லை. எவ்வளவு பக்குவமாக முடிக்கிறார் பாருங்கள்” என்று பரிசுக் கட்டுரைகளை அச்சிட்டிருந்த புத்தகத்திலிருந்து படித்தார்: “‘இரும்பு எல்லா மண்ணிலும் இயற்கையாகவே உண்டு. ஆகவே தூசியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. குறை சொல்வது எளிது, புரிந்துகொள்வதே அறிவியல்.’”

கைதட்டினார்கள். முதலில் வேறு யாருடைய கட்டுரையையோ மாற்றிப் படிக்கிறார் என்றுதான் நினைத்தேன். முதல் வாக்கியம் மட்டும் என்னுடையது. நான் எச்சரிக்கையாகப் போட்ட வாக்கியம். அதற்குப் பின்னால் வந்த எதையும் நான் எழுதவில்லை. பக்கத்தில் இருந்த பையன் என் முழங்கையைத் தொட்டு, “உங்களத்தான் கூப்பிடறாங்க” என்றான். எழுந்து மேடைக்குப் போனேன். மைக் இரண்டடி தூரத்தில் இருந்தது. இது நான் எழுதியதில்லை என்று அதில் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது அந்த மேடையில் நின்று விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அன்று நான் சொன்னது, “தேங்க் யூ சார்.” நடுவில் எங்கோ அம்மா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். நைனா போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்.

திரும்பும் ரயிலில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பரிசாகக் கொடுத்த புத்தகக் கட்டை மடியில் வைத்திருந்தாள், அந்தக் கட்டுரைப் புத்தகமும் அதில்தான் இருந்தது. “அந்த பொஸ்தகத்துல நம்மளது எங்க கீது? படி, கேக்கலாம்” என்றாள். அலுப்பாக இருக்கிறது, வீட்டில் படிக்கிறேன் என்றேன். விடவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், “எம் பொண்ணு எழுதினது, பிரைஸ் வாங்கிகினு வருது” என்று அறிமுகப்படுத்திவிட்டாள். அந்தப் பெண்ணும் கேட்கத் தயாராகிவிட்டார்.

படித்தேன். நானும் அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறேன். காந்தம் இல்லை. திருவாலங்காடு இல்லை. டைல் இல்லை. இரண்டு குழாய்களும் சிவந்தன என்று இருந்தது. ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று இல்லை. வாகனங்களால் எழும் தூசி பற்றி ஒரு பத்தி. நவீன வடிகட்டிகள் பற்றி ஒரு பத்தி. அந்தப் பத்திகள் நன்றாக எழுதப்பட்டிருந்தன, அதையும் சொல்ல வேண்டும். என்னுடையதைவிட வழவழப்பான தமிழ். பிறகு இந்த வாக்கியம் வந்தது, பாதி படித்துவிட்ட பிறகுதான் என்னவென்று உறைத்தது: ‘இல்லத்தரசிகள் சோம்பலின்றி வீட்டையும் சுற்றுப்புறத்தையும் நாள்தோறும் பெருக்கித் தூய்மையாக வைத்திருந்தால், இத்தகைய தூசித் தொல்லை பெருமளவு குறைந்துவிடும்.’

அம்மா என்னைப் பார்த்தாள். “இன்னொரு வாட்டி படி.”

மறுபடி படித்தேன். எதிரில் இருந்த பெண், “நல்லா சொல்லிக்கீது பொண்ணு” என்றார்.

“எந்தங்கச்சி ஊட்டு டைலு எங்க?” என்றாள் அம்மா.

“எடுத்துட்டாங்கம்மா. கொஞ்சம் மாத்திட்டாங்க.”

“ஊடு பெருக்கறத பத்தி போட்டுக்கீறதும் அவுங்கதானா?”

அப்போது நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பிரைஸ் குடுத்துட்டான் இல்ல, உடேன். பேஜாரு பண்ணாத.” அவர் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. நான் புத்தகத்தை மூடினேன். அம்மா நான் மூடியதைப் பார்த்தாள். எழுதியது அவர்கள் இல்லை, நானேதான் என்று அவள் எடுத்துக்கொண்டது பிற்பாடுதான் புரிந்தது. பரிசுக்காக நானே மாற்றி எழுதியிருக்கிறேன், அவளிடம் படித்துக்காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்று. பொன்னேரி தாண்டும்வரை வெளியே பார்த்தபடி வந்தாள். பிறகு புத்தகக் கட்டை என் மடியில் மாற்றி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போனேன். “நான் எழுதினது இது இல்ல மேடம்” என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. “உக்காரு. அப்பா உன்கிட்ட சொல்லலையா?”

“என்ன சொல்லலையா?”

“அவர் இங்க வந்திருந்தாரே. நான்தான் போன் பண்ணேன். கட்டுரை நல்லா இருக்கு, ஆனா உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு, என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். மறுநாளே வந்துட்டார். யூனிஃபார்மோட வந்தார். உக்காரச் சொன்னேன், உக்காரல. கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்தா போதும்னுதான்மா நான் நினைச்சேன். அவர்தான் காந்தமே வேண்டாம், அந்த ஊர் பேச்சே வேண்டாம்னு சொன்னார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தார்.” மேசை இழுப்பறையைத் திறந்து தேடினார். வேண்டாம் என்றேன்.

“காந்தத்தை எடுத்துட்டா அதுல என்ன இருக்கும் சொல்லு? அப்படியே அனுப்பினா குப்பைக்குத்தான் போகும். உன் உழைப்பு வீணாகக் கூடாதுன்னு நான் உக்காந்து எழுதிச் சேத்தேன். ரெண்டு நாள் ஆச்சு எனக்கு. நம்ம பசங்களுக்கு வேலை குடுக்கறதும் அந்தக் கம்பெனிங்கதான், அதையும் யோசிக்கணும் இல்ல? பரிசு வந்துதா இல்லையா?”

“அம்மாவப் பத்தி ஏன் மேடம் அப்படி எழுதினீங்க?”

“அம்மாவைப் பத்தியா? அம்மாவைப் பத்தி நான் ஒண்ணுமே எழுதலையே.”

புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “இது பொதுவா சொன்னதுமா” என்றார். அவருக்கு அதை எழுதிய நினைவுகூட இல்லை. பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் என்னைக் கெடுக்க நினைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் நைனாவுக்கு மதிய ஷிஃப்ட். அடுத்த வகுப்புக்குப் போகாமல் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

“காலேஜுக்கு வந்தியாமே நைனா.”

கையை நிறுத்தினார். “வந்தேன். இன்னா இப்போ?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா கேட்டுருப்பியா நீ?”

“நான் யார் பேரையும் போடலயே.”

“நீ போடல. உன் பேரு கீது. காலேஜ் பேரு கீது. எங்க ஊட்டு மாடின்னு கீது. நம்ம தெரு பின்னாடி எத்தினி மில்லு கீது? ஒண்ணு. அந்த மில்லுல இந்த தெருக்காரன் எத்தினி பேரு? பொண்ண காலேஜுல படிக்க வைக்கிறவன் எத்தினி பேரு?” விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். “சூப்பர்வைசர் படிக்காதவன்னு நெனச்சியா?”

“அப்ப நான் எழுதினது பொய்யா?”

“பொய்யா இருந்தா உட்டுருப்பேன்.” தட்டைத் தள்ளிவைத்தார். “எனுக்குத் தெரியாதா அது இன்னா தூசின்னு? மூக்கு சிந்துனா கறுப்பா வருது. துப்புனா கறுப்பா வருது. இருவது வருசமா அத்த துன்னுகினு நிக்கறேன். நீ ஒரு வாரம் டைல்ஸ வச்சு எனுக்குப் பாடம் சொல்ற.”

நான் அழுதுவிட்டேன். அவர் அழும் பெண்ணை எப்படித் தேற்றுவதென்று தெரியாத மனிதர். எழுந்து கை கழுவினார். ஷூவை மாட்டினார். கயிறு கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “பெருக்கறத பத்தி எழுதினது எனுக்குத் தெரியாது. சத்தியமா. நான் எத்த எடுக்கணும்னுதான் சொன்னேன், இன்னா போடுவாங்கன்னு கேக்கல” என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். “உங்கம்மாகிட்ட நான் வந்தத சொல்லாத. அது தாங்காது. என்னிய மதிக்காது அப்புறம்.”

நான் சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. என்னை மதிக்காவிட்டால் பரவாயில்லையா என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து மில்லில் கான்ட்ராக்டர் மாறினான். புதிதாக வந்தவன் தன் ஆட்களை வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்தான். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களை மொத்தமாக நிறுத்தினார்கள். நைனாவும் அதில் ஒருவர். என் கட்டுரையை மில்லில் யாரும் படித்திருக்கவில்லை, மாற்றியதையும் படிக்கவில்லை. அப்படி ஒரு போட்டி நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. நான் எழுதியபடியே அனுப்பியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அன்று நைனா பையை ஆணியில் மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிக்காட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆறுதலாகவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வரும், உடனே அவர்மேலும் வரும்.

இப்போது அவர் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் காவல் வேலை பார்க்கிறார். நான் பொன்னேரி சாலையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். கம்பெனிகள் அனுப்பும் தண்ணீர், சாம்பல், மண் மாதிரிகளைச் சோதித்து அளவுகளைப் படிவத்தில் நிரப்புவது என் வேலை. அந்த அளவுகளுக்கு என்ன அர்த்தம் என்று கீழே ஒரு வரி இருக்கும், அதை மேனேஜர் எழுதுவார். வேலைக்கு நேர்காணல் வந்தபோது போட்டியில் கொடுத்த பரிசுச் சான்றிதழைக் காட்டினேன். பார்த்துத் தலையாட்டி எடுத்துக்கொண்டார்கள். வேறு எதையாவது காட்டியிருக்கலாம், காட்ட வேறொன்றும் இல்லை. கையால் எழுதிய மூலப் பிரதி என்னிடம் இல்லை. மேடத்திடம் கேட்டபோது டைப் செய்யும் கடையில் இருக்கும் என்றார். கடையில் கேட்டேன். அவ்வளவு நாளாக யார் வைத்திருப்பார்கள் என்று கேட்டார்கள்.

போன கோடையில் மாதர்பாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நைனா என் ஃபைலை எடுத்து வந்து சான்றிதழை அவர்கள் கையில் கொடுத்தார். அவர் யார் வந்தாலும் கொடுப்பார். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. நைனா ஒரு முறை கேட்டபோது அம்மா சுவரில் ஆணி இறங்காது என்றாள்.

“இன்னா எழுதினீங்க?” என்று மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா சொன்னாள்: “ஊடு பெருக்காத சோம்பேறி பொம்பளைங்கள பத்தி. நல்லா எழுதும் எம் பொண்ணு.”

வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நைனா தரையைப் பார்த்தார். அவர் சொல்லிவிடுவார் என்று அந்த ஒரு நிமிடம் நம்பினேன். நிறைய நிமிடங்கள் அப்படி நம்பியிருக்கிறேன். அவர் எழுந்து, டீ இன்னும் வரவில்லையே என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். நான் டீ எடுத்துவரப் போனேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்குக் காரணம் வேறு. அவர்கள் வீட்டில் பாதிப் பேர் ஜாதகம் பார்ப்பவர்கள், பாதிப் பேர் சபைக்குப் போகிறவர்கள், அவர்களுக்குள் ஏதோ குழப்பம். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நைனாவும் சொல்லவில்லை. மேடத்தின் வேலை என்று மட்டும் சொன்னாலும் அம்மா நேரே கல்லூரிக்குப் போய்க் கேட்பாள், நைனா அங்கே வந்தது தெரிந்துவிடும். கோபம் வரும்போதெல்லாம் அவள், “உனுக்கு இன்னா, எங்க எப்படி எழுதணும்னு தெரியும்” என்பாள்.